நிலவும் பனியும் நெடுவீதியும்

ஓர் ஊரை அறிய விரும்புகிறவன் அதன் வழியே நடந்து செல்ல வேண்டும் என்பர் முன்னோர். மண்ணை மிதித்து, வழியில் நீர் வாங்கிக் குடித்து, எதிர்ப்படுவோருடன் இரண்டு வார்த்தை பேசிச் செல்பவனுக்கே ஊர் தன் முகத்தைக் காட்டும். ஆயினும், மட்டக்களப்பிலிருந்து ஒலுவில் வரையுள்ள ஏறத்தாழ 55 கிலோமீற்றரை நடந்து கடக்க நம்மில் எத்தனை பேருக்கு ஓய்வுண்டு? பேருந்தில் ஏறினாலோ, ஊர்களெல்லாம் பெயர்ப் பலகைகளாக ஓடி மறைந்துவிடுகின்றன. கால்நடைக்கும் பேருந்துக்கும் நடுவே நிற்பது துவிச்சக்கரவண்டி. அதன் வேகத்தில் ஊரும் தெரியும். ஊராரின் குரலும் கேட்கும்.

அந்த வண்டியில், கடந்த தை மாதத்துப் பூரணை இரவில், மட்டக்களப்பு நகரிலிருந்து அம்பாறைக் கடற்கரைக்கு நாம் பதினொருவர் மேற்கொண்ட பயணத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

இத்தகைய பயணம் உலகிற்குப் புதிதன்று. இங்கிலாந்திலே, இலண்டன் மாநகரிலிருந்து டன்விச் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு, ஜூலை மாதத்துப் பூரணையை அடுத்த சனிக்கிழமை இரவில் பெருந்திரளானோர் சைக்கிளிற் செல்லும் வழக்கம் 1990களில் தோன்றியது. தூரம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அதிலே பரிசு இல்லை. முதலில் வந்தவர் யார் என்று கேட்பாரும் இல்லை. இரவெல்லாம் மிதித்து விடியலிற் கடலைக் காண்பதே பயன். டன்விச், இடைக்காலத்திலே பெரிய துறைமுகப் பட்டினமாக விளங்கிப் பின்னர் கடலால் அரிக்கப்பட்டுத் தேய்ந்த ஊர். இச்செய்தியை வகுப்பில் நாம் கூறியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “பூரணை நமக்கும் உண்டு, கடலும் உண்டு, சைக்கிளும் உண்டு. நாம் ஏன் போகக்கூடாது, சேர்?” என்று கேட்டார். நல்ல கேள்வியை விடையின்றி விடுதல் ஆசிரியருக்கு அழகன்று. புறப்பட்டோம்.

குழுவில் ஆசிரியர் மூவர். மாணவரும் பழைய மாணவருமாக எண்மர். அறுவர் தமிழர், ஐவர் முஸ்லிம்கள். வண்டிகளுட் பல, 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலே வீட்டுக் கோடியிலிருந்து தூசி தட்டி எடுக்கப்பட்டவை.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்திருந்த காலம் அது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது பழமொழி. அளந்து பார்த்தால் 22, 23 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்கியிராது. நுவரெலியாவார் கேட்டால் நகைப்பர். அங்கே இம்மாதங்களிற் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. ஆனால், ஆண்டு முழுவதும் வெயிலிற் காயும் மட்டக்களப்பாருக்கு இதுவே பெருங்குளிர். வாவியிலிருந்து எழும் ஈரமும் கடலிலிருந்து வரும் வாடையும் ஒன்றுசேர, வண்டியின் கைபிடி பனிக்கட்டியைத் தொட்டாற்போலிருந்தது. காதை மூடிச் சால்வை கட்டியவர் பாதி. கம்பளித் தொப்பி அணிந்தவர் மீதி.

பாலத்திலிருந்து புறப்பாடு

இரவு பதினொரு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியிற் கூடினோம். 1924இல் திறக்கப்பட்டு, அந்நாளைய தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. மட்டுநகரின் பாடும் மீன்களுக்குப் பெயர்பெற்ற இடம் இது. காற்று அடங்கிய பூரணை இரவில் தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைத்தால், நரம்பைச் சுண்டினாற்போன்ற ஒலி கேட்கும் என்பர். 1950களில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பாலத்தைத் தாண்டினால் உப்போடை. அங்கே சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலானந்தர் துயில்கிறார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர். ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் பிறந்தது 1892இல், நாம் செல்லும் வழியிலுள்ள காரைதீவில். அடிகளாரின் சமாதியிலிருந்து அவர் தொட்டிலாடிய ஊரை நோக்கிச் செல்லும் வீதி இது என்று மாணவர்க்குக் கூறி, மணியை அடித்துப் புறப்பட்டோம்.

காத்தான்குடிக் கடைத்தெரு நள்ளிரவை அறியாதது. வீதியின் நடுவே வரிசையாய் நிற்கும் பேரீச்ச மரங்களின் நிழல் நிலவில் நீண்டு கிடந்தது. தேநீர்க் கடையொன்றில் முதியவர் ஒருவர் நம்மை மறித்தார். “இந்தச் சாமத்தில சைக்கிள்ள எங்க சேர் பயணம்? குளிருக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்க” என்றார். ஒலுவிலுக்கு என்றதும், நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ராவிலயா?” என்று மட்டுமே கேட்டார்.

அந்த ஒரு சொல்லின் பொருளை வெளியூர் வாசகர்களுக்கு விளக்குதல் வேண்டும்.

ஒரு வீதியின் கதை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்பர். ஞாயிறு எழும் கரை. வாவிக்கு மேற்கே உள்ளது படுவான்கரை. ஞாயிறு படும் கரை. எழுவான்கரையின் ஊர்களை நெடுவீதி ஒன்றே மணிமாலையின் நூல்போலக் கோத்துச் செல்கிறது. தமிழூர், முஸ்லிம் ஊர், மீண்டும் தமிழூர் என மணிகள் மாறிமாறி வரும். எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றையது தொடங்குகிறது என்பதை அயலார் அறியார். கோபுரமும் மினாராவுமே அடையாளம்.

இரு சாராருக்கும் தமிழே தாய்மொழி. அதனினும் ஆழமான ஒற்றுமை ஒன்றுண்டு. இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையை உடையவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளை பெண்வீட்டிற் குடிபுகுவான். கோயிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருப்பார். பள்ளிவாசலில் மரைக்காயர் இருப்பார். வழிபாடு வேறாயினும் வீட்டின் அமைப்பு ஒன்றே.

இவ்வளவு நெருங்கியவர்களையே 1980களின் நடுப்பகுதியிலிருந்து வன்செயல் பிரித்தது. 1990 ஜூலையில், இதே வீதியிற் பயணஞ் செய்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தருகே கடத்திக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு மாண்டனர். அதே மாதத்தில், சம்மாந்துறைக்கு அயலிலுள்ள வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் நெடுங்காலம், பொழுது சாய்ந்தால் இவ்வீதியில் தன் ஊர் எல்லையைத் தாண்டுவார் அரியர். போர் 2009இல் ஓய்ந்தது. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் அச்சம் மீண்டும் தலைகாட்டிற்று. முதியவரின் “ராவிலயா?” என்ற சொல்லுக்குப் பின்னே இத்தனையும் நின்றன.

நம் குழுவில் நிந்தவூரைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய தாயின் தம்பி 1990இல் இவ்வழியே புறப்பட்டு வீடு திரும்பாதவர். புறப்படுமுன் நண்பர் இதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. குருக்கள்மடம் நெருங்கியபோது அவர் வண்டியிலிருந்து இறங்கி உருட்டத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினோம். ஓரிடத்தில் அவர் நின்று, கைகளை ஏந்தி, வாய்க்குள் ஏதோ ஓதினார். மாணவர்கள் விளக்கை அணைத்துவிட்டு அசையாது நின்றனர்.

வேலிக்கப்பால் ஒரு நாய் குரைத்தது, கதவு திறந்தது. “ஆரது?” என்று முதிய பெண்குரல் கேட்டது. நம்மவர் ஒருவர் விவரம் சொன்னார். “எந்த ஊர்ப் புள்ளையள்?” என்றார் அம்மையார். “நான் நிந்தவூர், அம்மா” என்று நண்பரே விடை கூறினார். சற்று நேரம் உள்ளிருந்து ஓசையே இல்லை. பின்னர் அவர் படலைவரை வந்து, செம்பில் தண்ணீர் நீட்டினார். “கல்லாத்துப் பக்கம் பனி கூட, மகன். பாத்துப் போங்க” என்றார். நண்பர் நீரைக் குடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவே நடந்தது. அதற்குமேல் எழுத நமக்கு உரிமையில்லை.

கல்லாற்றிலிருந்து கல்முனைக்கு

செட்டிபாளையம், தேற்றாத்தீவு கடந்து களுதாவளை வந்தபோது வெற்றிலைக் கொடியின் காரமணம் பனியோடு கலந்து வந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு மணி நேரம் ஓய்வு. கட்டிச் சென்ற ரொட்டியும் சம்பலும் அமிழ்தாயின.

கல்லாற்றுப் பக்கம் பனி கூட என்று அம்மையார் சொன்னது மெய்யே. கோட்டைக்கல்லாற்றுக்கும் பெரியகல்லாற்றுக்கும் இடையே வாவி வீதியை நெருங்கி வருகிறது. வெண்புகைபோல் நீர்மேற் படர்ந்த பனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. மேற்கே சாயத் தொடங்கிய நிலவு படுவான்கரை வயல்களின் மேல் மஞ்சளாய் நின்றது.

அடுத்து, பெரியநீலாவணை. இங்கே மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. 1961க்கு முன் இரண்டும் ஒரே மாவட்டம். இவ்வூர்ப் பெயரையே புனைபெயராகக் கொண்டவர் கவிஞர் நீலாவணன் (1931–1975). கல்முனை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கி இளைஞர்களைக் கவிதைக்கு அழைத்தவர். உழவர் வாழ்வைப் பாடும் அவரது ‘வேளாண்மை’க் காவியம் அவர் மறைந்தபின் 1982இல் அச்சேறியது. அவரது நட்பில் வளர்ந்த இளங்கவிஞர்களுள் ஒருவரே, பின்னாளிற் பேராதனைப் பேராசிரியரான எம். ஏ. நுஃமான். நீலாவணன் வீட்டிலிருந்து நுஃமான் பிறந்த கல்முனைக்குடிக்குச் சைக்கிளில் அரைமணி நேரந்தான். அந்த அரைமணித் தூரம் அச்சமின்றித் திறந்திருந்த காலத்தில் ஓர் இலக்கியப் பரம்பரையே உருவாயிற்று என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

மருதமுனையில் ஒரு சோதனை நேர்ந்தது. மாணவர் ஒருவரின் பின்சில்லில் ஆணி ஏறிக் காற்றுப் போய்விட்டது. நேரமோ அதிகாலை மூன்றரை. நமது ஒட்டுப்பசை காய்ந்து கிடந்தது. ஒரு வீட்டின் முற்றத்து விளக்கைக் கண்டு தயக்கத்துடன் அழைத்தோம். வெளியே வந்தவர் ஓர் இளைஞர், நெசவாளர். கைத்தறிக்குப் பேர்பெற்றது மருதமுனை. இவ்வூர்ச் சாரமும் சேலையும் இலங்கையெங்கும் விலைபோகின்றன. தறியின் அருகே வண்டியைக் கவிழ்த்து, ரியூபை உரித்து, நீர்ச்சட்டியில் அமிழ்த்தித் துளையைக் கண்டு, கால்மணியில் ஒட்டுப்போட்டுத் தந்தார். காசை வாங்க மறுத்துவிட்டார். “காசு வாங்கினா வாப்பா ஏசுவார், சேர். ராவில வந்த விருந்தாளி எல்லா நீங்க” என்றார். ‘புலவர்மணி’ என்னும் ஒரே பட்டத்தை மண்டூர் ஏ. பெரியதம்பிப்பிள்ளையும் மருதமுனை ஆ. மு. ஷரிபுத்தீனும் தாங்கிய நாடு இது. புலமை மட்டுமன்றி விருந்தோம்பலும் இங்கே இரு வீட்டுச் சொத்து.

பாண்டிருப்பைக் கடந்தோம். தீமிதிப்புக்குப் புகழ்பெற்ற திரௌபதை அம்மன் கோயில் நிலவில் உறங்கியது. இங்கிருந்து கடலோசை தெளிவாகக் கேட்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாளும் பூரணைதான், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டது. மாண்டோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அலை வரிசையாக அடித்தது. ஊரின் சமயத்தை அது கேட்கவில்லை. அன்று பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் கோயிலிலும் யார் யாரோ யார் யாருக்கோ சோறு பரிமாறினர்.

கல்முனை நகரை அடைந்தபோது மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் கடற்கரையை நோக்கி விரைந்துகொண்டிருந்தன. அவர்களின் ஒற்றைக்கியர் வண்டிகளின் முன்னே நம் மாணவரின் பலகியர் வண்டிகள் நாணின. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றி விழா எடுப்பர். தமிழகத்து நாகூரையும் இக்கரையையும் இணைக்கும் கடல்வழி உறவின் சின்னம் அது. நாம் அங்கே நின்றபோது சுபஹுத் தொழுகைக்கு அழைப்பு எழுந்தது. ஒரு பள்ளியில் தொடங்கி, சில விநாடிகள் பிந்தி அடுத்ததில், அதற்கும் பிந்தித் தெற்கே இன்னொன்றில் என்று கரை நெடுக அவ்வோசை சென்றது. நண்பர்கள் ஐவரும் தொழச் சென்றனர். நாம் அறுவரும் பதினொரு வண்டிகளுக்குக் காவலிருந்தோம்.

கல்முனையில் எல்லாம் இனிதே முடிந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். பிரதேச செயலக எல்லை எது, நகரசபை யாருக்கு என்ற பிணக்குகள் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இன்னும் புகைகின்றன. ஆயினும் எல்லைக்கோட்டை வரைபடத்திற் பார்ப்பவருக்கும், அதைச் சைக்கிளிற் கடப்பவருக்கும் அது ஒரேவிதமாகத் தோன்றுவதில்லை. வண்டிச் சில்லு அதை உணர்வதே இல்லை.

கடலும் கரையும்

சாய்ந்தமருதைத் தாண்டிக் காரைதீவில் விபுலானந்தர் பிறந்த மண்ணை வணங்கினோம். கண்ணகை அம்மன் கோயிலடியிற் பெண்கள் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தனர். மேற்கே கல்லோயா நீர் பாயும் வயல்களில் நெல் முற்றித் தலைசாய்ந்திருந்தது. நிந்தவூரில் நில்லாமல் மிதித்து ஒலுவிலை அடைந்தபோது கீழ்வானம் சிவந்திருந்தது.

கலங்கரை விளக்கின் அருகே மணலில் அமர்ந்தோம். நிலவு படுவான்பக்கம் மறையவும் கதிரவன் கடலினின்று எழவும் ஒரே வேளையாயிற்று. பூரணைக்கு மறுநாட் காலையில் இரண்டையும் ஒருங்கே காணும் பேறு இக்கரைக்கு உண்டு. ஆனால் ஒலுவிற் கரை தேய்ந்துவருகிறது. இங்கே 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது; அதன் வடபுறக் கரையைக் கடல் அரித்தது; வேரறுந்த தென்னைகள் நீரிற் கிடந்தன. டன்விச்சின் கதையை வகுப்பிற் கேட்ட மாணவர்கள் அதைக் கண்ணெதிரே கண்டு வாயடைத்து நின்றனர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூரிலேயே இருக்கிறது. நாளை அங்கே பயிலச் செல்வோருள் ஒருவராவது இந்தக் கரையின் நோய்க்கு மருந்து காண்பார் என்று நம்புவோம்.

திரும்பும் வழியில் நண்பரின் வீட்டிற் காலையுணவு. இடியப்பமும் மீனாணமும் எருமைத் தயிரும் காத்திருந்தன. அவருடைய தாயார் அந்த இரவு கண்மூடவில்லை என்பதை மகள் சொல்லி அறிந்தோம். மணிக்கு ஒருமுறை தொலைபேசியில் ஊரின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாம் வாசலில் இறங்கியபோது அவர் எவரையும் வரவேற்கவில்லை. முதலிற் சைக்கிள்களை விரலால் எண்ணினார். பதினொன்று. பிறகே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க மக்காள், உள்ள வாங்க. எல்லாரும் சேந்துதான் வந்திருக்கீங்க” என்றார்.

மாணவ நண்பர்களே, விளக்கும் ஒட்டுப்பசையும் நல்ல துணையும் இருந்தால் இப்பயணம் எவர்க்கும் கைகூடும். மழை ஓய்ந்த தையிலோ மாசியிலோ புறப்படுங்கள். வீட்டாருக்கு வழியைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒரு நாட்டின் அமைதியை அளக்க மாநாடுகளின் தீர்மானங்களைவிட எளிய அளவுகோல் ஒன்றுண்டு: இருள் சூழ்ந்தபின் அயலூர் வழியே அஞ்சாமற் போக முடிகிறதா, போனவர்கள் தாய்மார் எண்ணும்போது குறையாமல் வந்து சேர்கிறார்களா என்பதே அது. பயன்படாத வீதியைப் புல் மூடும். இவ்வீதியைப் புல் மூடாதிருக்க, நாம் போய்வந்துகொண்டே இருப்போம்.